ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் கிராமத்து கிளினிக்கில் நர்ஸாக வேலை செய்ய 'பண்பாட்டுத் திறன்' வேண்டும் என்கிறார்களே, நடைமுறையில் அது என்ன?

அடுத்த மாதம் நார்தர்ன் டெரிட்டரியில் ஒரு பூர்வகுடி ஊருக்கு வேலைக்குப் போவதாகவும், அதற்காக ஆன்லைனில் இரண்டு மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேத்தரின் நகரத்திலிருந்து மண் ரோட்டில் பல மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன கிளினிக்கில் நான் ஆறு வருடம் நர்ஸாக இருந்தேன். போகும்போது என்னிடமும் அந்தச் சான்றிதழ் இருந்தது. அதனால் முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்திருந்தது. தொண்டையிலோ தோலிலோ வரும் ஸ்ட்ரெப் கிருமித் தொற்றில் தொடங்கி, கடைசியில் இதய வால்வையே கெடுத்துவிடும் நோய் அது. அங்குள்ள பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இது வரும் விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. திரும்ப வராமல் இருக்க 28 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில் போட வேண்டும். மருந்து கெட்டியாக, பால் போல இருக்கும். இடுப்புக்குக் கீழே மெதுவாக ஏற்ற வேண்டும். நன்றாகவே வலிக்கும்.

ஒழுங்காக வந்துகொண்டிருந்த பையன் திடீரென்று நின்றுவிட்டான். வீட்டுக்குப் போனால் பின்பக்கமாக ஓடிவிடுவான். ஒருநாள் கடை வாசலில் அவனைப் பிடித்து, நாலு பேர் முன்னால், "என்ன தம்பி, ஊசிக்குப் பயமா?" என்று நம் ஊர்ப் பாணியில் உரிமையோடு கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிளினிக்குக்குத் திரும்பி, 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் எழுதினேன்.

எங்கள் கிளினிக்கில் அதே ஊரைச் சேர்ந்த பூர்வகுடி சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருவர் இருந்தார். உறவுமுறையில் அந்தப் பையனுக்குப் பாட்டி. நான் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அவன் இப்போது பையன் இல்லை, ஆண்பிள்ளை" என்றார். லீவில் அவனுக்கு ஆண்களுக்கான சடங்கு முடிந்திருந்தது. அது என்ன சடங்கு என்று நான் கேட்கவில்லை, அது பெண்கள் கேட்கும் விஷயமே இல்லை. அதற்குப் பிறகு ஒரு பெண் முன்னால் அவன் உடுப்பை விலக்கி நிற்க முடியாது. போதாக்குறைக்கு, ஊர் பார்க்க அவனைச் சின்னப் பிள்ளையாக்கியிருந்தேன். 'ஷேம்' என்று அங்கே ஒரு சொல் உண்டு. நம் வெட்கம், அவமானம், கூச்சம் மூன்றும் அதற்குள் அடங்கும். அவன் ஓடியது அதனால்தான். ஊசிக்கு அவன் பயப்படவே இல்லை.

அந்த அம்மாவிடம் முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. என் படிப்பு பெரிது என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

இன்னொன்று, 'ஆமாம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். எங்கள் பக்கம் பேசும், ஆங்கிலம் கலந்து உருவான கிரியோல் மொழியில் அதற்கு 'யுவாய்'. சிறுநீரகம் பழுதான ஒரு பாட்டிக்கு டயாலிசிஸ் பற்றி இருபது நிமிடம் விளக்கினேன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'யுவாய்' என்றார். பிறகு அவர் மொழியில் ஒருவர் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, நாலைந்து தடவை மிஷினில் படுத்தால் குணமாகி வீடு திரும்பலாம் என்று நினைத்திருக்கிறார். நம்மை எதிர்த்துப் பேசி மனம் நோகடிக்கக் கூடாது என்ற மரியாதை அந்த 'யுவாய்'. டார்வினில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த யொல்ங்கு என்ற பூர்வகுடி மக்களை வைத்து 2002-ல் வெளியான ஒரு ஆய்வும் இதையேதான் சொன்னது: பேச்சு புரியாமல் போனது பல நேரம் இரண்டு தரப்புக்குமே தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது, ஃபோனிலும் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த மௌனத்தில் அவர்கள் யோசிக்கிறார்கள், நாம்தான் பதற்றத்தில் அதை நிரப்பிவிடுகிறோம்.

உறவுமுறை விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அப்பாதான். பெரியம்மா, சித்தப்பா என்று வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். மாப்பிள்ளை முன்னால் மாமியார் கதவோரம் நின்று பேசிய காலமும் நமக்குத் தெரியும். ஆனால் அங்கே அது இன்னும் கண்டிப்பு. மாமியாரும் மருமகனும் ஒரே வெயிட்டிங் ஹாலில் உட்கார முடியாமல், ஒருவர் சிகிச்சை பெறாமலே போய்விடுவார். இறந்தவரின் பெயரையும் சொல்லக் கூடாது. அதே பெயருடைய இன்னொருவரைக்கூட அந்தத் துக்க நாட்களில் மாற்றுப் பெயரில்தான் கூப்பிட வேண்டும். ஃபைலைப் பார்த்துச் சத்தமாகப் பெயர் கூப்பிடும் பழக்கத்தை முதல் வாரமே விட்டுவிடுங்கள். 'நம்மைப் போலத்தானே' என்ற நினைப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் 'தம்பி' என்று கூப்பிட்டதும் அந்த நினைப்பில்தான்.

ஆஸ்பத்திரி என்றால் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை அரசாங்கமே பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துப் போனது. நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008-ல்தான். அப்படி எடுத்துப் போகப்பட்டவர்கள் இன்று உங்கள் முன் நோயாளியாக உட்காருவார்கள்.

சில கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் 'அவர்கள் பண்பாடு அப்படி' என்று காரணம் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். ஒரு வீட்டில் பதினைந்து பேர், ஓடாத வாஷிங் மெஷின், ஒழுகும் குழாய் என்றால் ஸ்ட்ரெப் பரவத்தான் செய்யும். அதில் பண்பாடு எங்கே வந்தது?

நியூசிலாந்தின் மவோரி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த 'கல்ச்சுரல் சேஃப்டி' என்ற கருத்து எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்கள் நல்லபடியாக நடந்தீர்களா என்று சொல்ல வேண்டியவர் நோயாளி, உங்கள் சான்றிதழுக்கு அதில் இடமில்லை. அதையும் தாண்டி, மருத்துவத்தை அந்த மக்களே நடத்தும்போது என்ன ஆகிறது பாருங்கள். 1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் முதல் பூர்வகுடி மருத்துவச் சேவையைத் தொடங்கினார்கள். டயாலிசிஸுக்காக ஊரைவிட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் கிடக்க வேண்டியிருந்த மேற்குப் பாலைவன மக்கள், தங்கள் ஓவியங்களை 2000-ல் ஏலம் விட்டு பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-ல் அந்த நகரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால், அவர்கள் ஊரான கின்டோரிலேயே மிஷின் ஓடியது. சொந்த மண்ணில், சொந்தக்காரர்கள் நடுவில் டயாலிசிஸ்.

அந்தப் பையன் விஷயம் பாதியில் நிற்கிறது. அந்த அம்மா அவன் மாமன் முறையுள்ள ஆண் பணியாளர் ஒருவரிடம் பேசினார். பக்கவாட்டுக் கதவு வழியாக அவன் வர ஏற்பாடானது. ஃபைலில் நான் எழுதிய வரியின் கீழே, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 28-வது நாள் வரும்போது ஃப்ரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்து, வலி கொஞ்சம் குறையட்டும் என்று இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டுவேன். குளிர் விட்டதும் கதவைத் தட்டி மாமனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.