ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் துளை நேராகுமா?

கேள்வி: ஓசூர் சிட்கோவில் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். மைல்டு ஸ்டீல் ஃபிளேஞ்சில் வட்டமாக ஆறு 8.5 மி.மீ. துளைகள் போடுவதற்காக, கையால் திருப்பிச் சம கோணங்களில் நிறுத்தும் தட்டு (இன்டெக்ஸ் பிளேட்) ஒன்று செய்து பில்லர் டிரில்லில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு 60 டிகிரிக்கும் எம்8 பால் பிளஞ்சர் (8 மி.மீ. மரை உடலுக்குள் ஸ்பிரிங், அதன் முனையில் சின்ன எஃகுப் பந்து) ‘டக்’கென்று பிளேட்டின் குழியில் விழுந்து நிற்கும். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது. இப்போது துளைகள் 0.3 மி.மீ. வரை தள்ளிப் போகின்றன. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் உள்ள பிளஞ்சர் போட்டால் சரியாகுமா? இன்னொரு ஃபிக்சரில் (பாகத்தைப் பொருத்தி வைக்கும் சாதனத்தில்) அலுமினிய பிராக்கெட்டை ஸ்டாப்பரோடு ஒட்டி நிறுத்தவும் பிளஞ்சர் போட வேண்டும். அதற்கு எது பொருந்தும்?

பதில்: கெட்டியான ஸ்பிரிங்குக்குப் போகாதீர்கள். கொஞ்ச நாள் சரியானது போல இருக்கும். அப்புறம் பிளேட் முன்பைவிட வேகமாகத் தேயும், ஆபரேட்டருக்குக் கை வலிதான் மிஞ்சும். பால் பிளஞ்சர் இடத்தைக் காட்டும், பாகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கும். வெட்டும் விசையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. உங்கள் ஃபிக்சரில் அந்த வேலையும் அதன் தலையில் விழுந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8.5 மி.மீ. டிரில், மைல்டு ஸ்டீல், ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. ஃபீட் (டிரில் கீழே இறங்கும் தூரம்) என்றால் திருகு விசை சுமார் 3 நியூட்டன் மீட்டர் வரும். உங்கள் குழிகள் பிளேட் மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் பக்கவாட்டில் வரும் விசை 50 நியூட்டன், அதாவது ஐந்து கிலோ. பிளஞ்சரின் பிடிப்பு குழியின் சரிவைப் பொறுத்தது. 90 டிகிரி குழியில், ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் பக்கவாட்டுப் பிடிப்பு. உராய்வு அதோடு கொஞ்சம் சேரும். 120 டிகிரி குழி என்றால் ஸ்பிரிங் விசையில் சுமார் 58 சதவீதம்தான். ஸ்பிரிங் 30 நியூட்டன் தருகிறது என்று வைத்தாலும் 50-ஐ அது தடுத்து நிறுத்தாது.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். டிரில் மேலிருந்து அழுத்தும்போது பிளேட் அடித்தளத்தோடு நெருக்கமாக உட்காருகிறது. அந்த உராய்வுதான் உண்மையில் பிளேட்டைப் பிடித்து வைத்தது. டிரில் அடிப்பக்கம் துளைத்து வெளியே வரும் கணத்தில் இது தலைகீழாகிறது. கீழ்நோக்கிய அழுத்தம் சட்டென்று விழுகிறது, டிரிலின் விளிம்பு மிச்சமிருக்கும் உலோகத்தைக் கவ்வி இழுக்கிறது. பிளேட் ஒரு குதி குதிக்கிறது, பந்து குழியின் விளிம்பில் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு துளைக்கும் இப்படி நடந்தால் விளிம்பு மழுங்கத்தானே செய்யும். மழுங்கிய குழியில் பந்து எங்கே வேண்டுமானாலும் உட்காரும், அடுத்த துளை அங்கிருந்தே தொடங்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பந்து குழியில் இருக்கும்போது பிளேட்டின் வெளிவிளிம்பில் டயல் கேஜை வைத்து, கையால் இரண்டு பக்கமும் லேசாக அழுத்துங்கள். 0.2, 0.3 என்று முள் ஆடினால் குற்றம் குழியிலும் பிளஞ்சரிலும்தான். முள் மி.மீட்டரில் நூறில் சில பங்குதான் ஆடுகிறது என்றால் டிரில்லே ஆரம்பத்தில் நழுவுகிறது; டிரில்லுக்கு வழிகாட்டும் குழல் (டிரில் புஷ்) போடுங்கள், இல்லாவிட்டால் முதலில் சின்னக் குழி போட்டு (ஸ்பாட் டிரில்) துளையிடுங்கள். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே பிளஞ்சருக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

சரி, குழிதான் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது இன்டெக்சிங் பிளஞ்சர்: குமிழைப் பிடித்து இழுத்தால் முனையில் உள்ள பின் (உலோக முளை) உடலுக்குள் போகும், விட்டால் ஸ்பிரிங் அதைப் பிளேட்டில் உள்ள புஷ்ஷுக்குள் (துளையில் பொருத்திய குழலுக்குள்) தள்ளும். பக்கவாட்டு விசையை இங்கே ஸ்பிரிங் தாங்குவதில்லை, பின்னின் உலோகமே தாங்குகிறது. 6 மி.மீ. பின்னின் குறுக்குவெட்டு 28 சதுர மி.மீ.; சதுர மி.மீட்டருக்கு 100 நியூட்டன் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 2,800 நியூட்டன் தாங்கும். தேவைப்படுவது 50. கடைசிக் கணத்துக் கவ்வலில் அது பல மடங்கு ஆனாலும் கவலை இல்லை.

பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் 0.02 முதல் 0.05 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். புஷ் இஎன் 31 போன்ற எஃகில் கடினப்படுத்தியதாக இருக்க வேண்டும். மைல்டு ஸ்டீல் பிளேட்டிலேயே நேராகத் துளை போட்டுப் பின்னை விட்டால் பழைய கதைதான். புஷ்களை மையத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். புஷ் 60 மி.மீ. ஆரத்திலும் துளைகள் 45 மி.மீ. ஆரத்திலும் இருந்தால், புஷ்ஷில் உள்ள 0.04 பிசகு துளையில் 0.03 ஆகக் குறையும். மாற்றி வைத்தால் பிசகு பெருகும். ஃபிக்சர் வரையும்போது செலவே இல்லாமல் கிடைக்கும் துல்லியம் இது, ஆனாலும் கைவிடப்படுவது பெரும்பாலும் இதுதான்.

கூம்பு முனைப் பின்களும் கிடைக்கின்றன. அவை இடைவெளியை முழுக்க எடுத்துவிடும். ஆனால் கூம்பின் சரிவு அதிகமாக இருந்தால் பக்கவாட்டு விசை அந்தப் பின்னைப் புஷ்ஷிலிருந்து வெளியே தள்ளும். துளையிடும் வேலைக்கு நேர் உருளைப் பின்னையே நான் சொல்வேன். பிளேட்டைத் திருப்ப இரண்டு கையும் தேவை என்றால், குமிழை இழுத்து 90 டிகிரி திருப்பினால் அப்படியே நிற்கும் லாக்கிங் வகையை வாங்குங்கள்.

பழைய பால் பிளஞ்சரையும் தூக்கி எறிய வேண்டாம். குழிகளைப் புதிதாக்கி, லேசான ஸ்பிரிங் உள்ள ஒன்றை அங்கேயே விட்டுவிடுங்கள். பிளேட் சரியான இடத்துக்கு வந்ததைக் கையில் உணர்த்த அது உதவும், ஆபரேட்டர் பின்னுக்குத் துளை தேடிக்கொண்டிருக்க மாட்டார். லேசானதாக இருந்தால்தான் பின் சொல்லும் இடத்தில் பிளேட் நிற்கும். கெட்டியானதைப் போட்டால் இரண்டும் மல்லுக்கட்டும். இதோடு ஒரு கிளாம்ப்பும் போட்டுப் பிளேட்டை இறுக்கிவிட்டால், அந்தக் கடைசிக் குதியும் நின்றுவிடும்.

குழியைப் புதிதாக்கும்போது கவனிக்க வேண்டியது அதன் வாய் அகலம். 5 மி.மீ. பந்து 90 டிகிரி குழிச் சரிவைத் தொடும் வட்டம் சுமார் 3.5 மி.மீ. விட்டம். குழியின் வாய் அதைவிடச் சிறியதாக இருந்தால் பந்து சரிவில் உட்காராது, விளிம்பில் உட்காரும். விளிம்பு சீக்கிரம் நசுங்கும். வாயை 4 மி.மீ. ஆக்கினால் பந்து ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம் இறங்கிச் சரிவில் ஒழுங்காக அமரும். பிளஞ்சரின் பந்து அதைவிடக் கூடுதலாக உள்ளே போய் வர இடம் இருக்க வேண்டும். அடி முட்டும் வரை ஸ்பிரிங்கை நசுக்கும்படி ஒருபோதும் பொருத்தாதீர்கள். குழியின் அடியைப் பந்து தொடவும் கூடாது. சீவல் தூள் கொஞ்சம் தங்கினாலும் பந்து இருபக்கச் சரிவிலும் அமர அந்த அடி இடைவெளி வேண்டும்.

அடுத்தது பிராக்கெட். இங்கே பால் பிளஞ்சர் தன் சொந்த வேலையைச் செய்யலாம். பாகத்தின் நீளப் பக்கத்தில் இரண்டு ஸ்டாப்பர், குறுக்குப் பக்கத்தில் ஒன்று. எதிரே இரண்டு பிளஞ்சர்கள் பாகத்தை அவற்றோடு ஒட்டித் தள்ளும். வெட்டும்போது பிடித்து வைப்பதற்குக் கிளாம்ப் தனியாக இருக்க வேண்டும். எவ்வளவு விசை? ஒரு கிலோ எடையுள்ள பாகத்தைச் சுத்தமான தளத்தில் நகர்த்த 2 நியூட்டன் போதும். எண்ணெய்ப் பிசுக்கு, சீவல் எல்லாம் சேர்த்து 8 முதல் 10 நியூட்டன் வைத்தால் தாராளம். அதற்கு மேல் போகாதீர்கள். மெல்லிய சுவருள்ள அலுமினியப் பாகம் ஸ்பிரிங்குக்கே வளைந்து கொடுக்கும். வளைந்த நிலையில் மெஷின் செய்துவிட்டுக் கழற்றினால் அது பழைய உருவத்துக்குத் திரும்பும், அளவு மாறியிருக்கும். கிளாம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், காரணம் பிளஞ்சராக இருக்கும்.

நீளப் பக்கத்துப் பிளஞ்சரின் தள்ளும் கோடு இரண்டு ஸ்டாப்பருக்கு நடுவில் விழ வேண்டும். வெளியே விழுந்தால் பாகம் ஒரு ஸ்டாப்பரைச் சுற்றித் திரும்பும். உயரத்தில் ஸ்டாப்பருக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ தள்ளட்டும். மேலே தள்ளினால் பாகத்தின் அடி தூக்கிக்கொள்ளும்.

பந்தா, பின்னா? பாகம் பிளஞ்சரின் மேல் சறுக்கிக்கொண்டு வந்தால் பந்து. நேராக எதிரே வந்து அழுத்தினால் பின் முனை. பின் முனைப் பிளஞ்சரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உங்கள் பிராக்கெட் மேலிருந்து இறங்குவதானால் பந்துதான் சரி. பாகத்தின் கீழ் விளிம்பில் சின்னச் சேம்பர் (சரிவாகச் சீவிய ஓரம்) இருந்தால் பந்து சுலபமாக வழிவிடும். இடம் குறுகலாக இருந்தால் லேட்டரல் பிளஞ்சர் என்று கேளுங்கள்; அதன் பின் உள்ளே வெளியே போகாமல் பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கும். மெஷின் செய்து முடித்த அலுமினிய முகத்தில் எஃகுப் பந்து கோடு போடும். அங்கே பிளாஸ்டிக் முனை உள்ளதை வாங்கி, சீவல் அதில் பதிந்திருக்கிறதா என்று அவ்வப்போது துடைத்துப் பாருங்கள்.

பொருத்தும்போது முனை மேல்நோக்கி இருக்கும்படி வைக்காதீர்கள், சீவலும் கூலன்ட்டும் நேராக உள்ளே இறங்கும். மரை கழலாமல் இருக்க நைலான் ஒட்டு உள்ளதை வாங்கலாம், அல்லது லாக் நட் போடலாம். மரைப் பசை தடவினால் மரையின் பின்பகுதியில் ஒரு சொட்டு போதும். முன்பக்கம் வழிந்தால் பந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேறு வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரானைட் பாலிஷ் இயந்திரங்களில் கல் தூளும் தண்ணீரும் சேர்ந்த சேறு பந்துக்கும் உடலுக்கும் நடுவில் புகுந்து அரைத்துவிடும். அங்கே மூடிய உடல், ரப்பர் சீல் உள்ள வகை தேடுங்கள், கிடைக்காவிட்டால் பிளஞ்சரே இல்லாத ஏற்பாட்டை யோசியுங்கள். கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைகளில் தினமும் கழுவும் இயந்திரங்களுக்கு உடல், பந்து, ஸ்பிரிங் மூன்றுமே ஸ்டெயின்லெஸ் ஆக இருக்க வேண்டும். உடல் மட்டும் ஸ்டெயின்லெஸ், உள்ளே சாதாரண ஸ்பிரிங் என்று விற்பதும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஓசூரில் வாங்கினாலும் பெங்களூரு போய் வாங்கினாலும் ‘எம்8 பிளஞ்சர்’ என்று மட்டும் சொன்னால் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவார்கள். மரை அளவு, உடல் நீளம், பந்து விட்டம், பந்து உள்ளே போகும் தூரம், ஸ்பிரிங்கின் தொடக்க விசை, முடிவு விசை இவ்வளவையும் கேளுங்கள். லைட், ஹெவி என்ற பெயர்களும் நிற அடையாளங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் எண்ணையே நம்புங்கள். எண் கிடைக்காவிட்டால் சமையலறைத் தராசின் மேல் பந்து கீழே இருக்கும்படி பிளஞ்சரை நேராகப் பிடித்து அழுத்தி, பந்து நகரத் தொடங்கும்போதும் முழுதாக உள்ளே போகும்போதும் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 10 நியூட்டன்.