நட்பு நாடுகளின் ஆதரவு இல்லாமல் ஒரு நாடு போருக்குப் போனால் என்ன ஆகும்?

ஆதரவு என்றால் படை அனுப்புவது மட்டுமல்ல. கடன், எண்ணெய், வான்வழி, துறைமுகம், ஐ.நா.வில் ஓட்டு எல்லாம் அதில் அடங்கும். இதில் முதலில் காலை வாருவது பெரும்பாலும் பணம்தான்.

1956 சூயஸ் போரைப் பாருங்கள். சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கிய பிறகு பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அமெரிக்காவிடம் சொல்லவில்லை. களத்தில் பின்னடைவே இல்லை. கால்வாயின் வடமுனைத் துறைமுகமான போர்ட் சயீத்தைப் பிடித்து, கால்வாயோரமாக எல் கேப் என்ற இடம் வரை படை இறங்கிவிட்டது. ஆனால் எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. மத்திய கிழக்கு எண்ணெய் வரும் வழி அடைபட்டதால், பிரிட்டன் எண்ணெயை இனி வேறு இடத்தில் டாலர் கொடுத்து வாங்க வேண்டும். தன் நாணயமான பவுண்டின் மதிப்பை 2.80 டாலரில் தாங்கிப் பிடிக்கவும் டாலர்தான் வேண்டும், கையிருப்போ கரைகிறது. படை வாபஸ் ஆகாமல் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடனுக்குக் கைகொடுக்க மாட்டோம் என்றது அமெரிக்கா. நவம்பர் 6 நள்ளிரவே போர்நிறுத்தம், டிசம்பரில் பிரிட்டன், பிரான்ஸ் படைகள் முழு வாபஸ், ஜனவரியில் பிரிட்டன் பிரதமர் ஈடன் ராஜினாமா.

பேங்க் லோன் கைக்கு வருமுன்பே வீட்டை இடித்த கதைதான்: கொத்தனார் தயார், சிமெண்ட் வாங்கக் காசில்லை.

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் இருந்தால் எந்தப் போருக்கும் மற்றவர்கள் வந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஒப்பந்தத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதைச் சொல்லும் 5-ஆம் பிரிவு, உறுப்பு நாடு தாக்கப்பட்டால்தான் பொருந்தும். தானே தொடங்கும் போருக்கு அல்ல.