பக்ஸ் கவுண்டியில் பழைய கல்வீடு: கேள்வி பதில்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பக்ஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பழைய வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் பார்த்த வீடு தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஜன்னலை மாற்றக்கூட அரசாங்கத்தைக் கேட்க வேண்டுமா?

பதில்: அதற்காக வேண்டாம் தம்பி. 1966-ல் வந்த அந்தப் பதிவேடு ஒரு கௌரவம்தான்; சொந்தக் காசில் செய்யும் வேலையை அது தடுக்காது. கையைக் கட்டுவது உள்ளூர்ச் சட்டம். மாநிலத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தெருவை வரலாற்று வட்டாரமாக அறிவித்திருந்தால், வெளியிலிருந்து தெரியும் மாற்றங்களுக்கு அனுமதி வாங்க வேண்டும். இங்குள்ள நியூ ஹோப், டாய்ல்ஸ்டவுன் ஊர்கள் இரண்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் ஊர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதம் வரிச்சலுகை என்கிறார்களே?

பதில்: மத்திய அரசின் அந்தச் சலுகை வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும். நீங்களே குடியிருக்கப் போகும் வீட்டுக்குக் கிடையாது.

கேள்வி: சார், சுவர்க்கல்லில் 17 என்று தொடங்கும் வருடம் செதுக்கியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: அந்தக் கல் இருக்கும் பகுதிக்கு வேண்டுமானால் நம்பலாம். இங்கே வீடுகள் ஒரே மூச்சில் எழுந்தவை அல்ல. பிள்ளைகள் பெருகப் பெருகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். 1682-ல் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் உருவாக்கிய முதல் மூன்று கவுண்டிகளில் இது ஒன்று. அதனால் டாய்ல்ஸ்டவுன் பதிவு அலுவலகத்தில் பத்திரங்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போகலாம். எனக்கு அது ஒரு பைத்தியம், விடுங்கள்.

கேள்வி: விற்பவர் போன வருடம்தான் கல் இடுக்கெல்லாம் சிமென்ட் பூசினாராம். சுவர் கிண்ணென்று இருக்கிறது. நல்லதுதானே?

பதில்: நான் பயப்படுவது இதற்குத்தான். அந்தக் காலத்துச் சுவர் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே போன ஈரம் சாந்து வழியாகத்தான் வெளியேறும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரம் உட்பக்கம் திரும்பும். மணற்கல் என்றால் அந்த ஈரம் குளிரில் உறைந்து கல்லின் முகம் உதிரும். என் வீட்டு வடக்குச் சுவரில் முன்பிருந்தவர் இந்த வேலையைத்தான் செய்து வைத்திருந்தார். உள்ளே பூச்சு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உப்பியிருந்தது, தட்டினால் டொக்கென்றது. கொத்தனார் உளியால் இடுக்கு இடுக்காகச் சிமென்டைச் செதுக்கிச் சுண்ணாம்பு வைத்தார். சுவர் காய இரண்டு கோடை ஆயிற்று. நீங்கள் ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாவி வழுக்கினால் சிமென்ட். செதுக்கும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: யார்ட்லியில் ஆற்றோரம் அழகான வீடு ஒன்று...

பதில்: அழகுதான். டெலவேர் ஆறு 2004, 2005, 2006 என்று மூன்று வருடமும் கரை தாண்டியது. வெள்ளக் காப்பீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அப்புறம் பால்கனியில் போய் நில்லுங்கள்.