அண்ணன்மேல் உள்ள கசப்பும் வேதவாசிப்பும்: பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் மூன்று அதிகாரங்கள் வாசித்தும், பாகப்பிரிவினையில் அண்ணன்மேல் உண்டான கசப்பு குறையவில்லை, வேதம் உங்களைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசிப்பின் வேகமே தடையாக இருக்கிறது என்று எண்ணுகிறேன். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் பின்னாளில் ஆயரான அகுஸ்தீன் மனந்திரும்பியபோது வாசித்தவை ரோமர் 13:13, 14 ஆகிய வசனங்கள் மட்டுமே. அதற்குமேல் வாசிக்க விருப்பமும் இல்லை, தேவையும் இல்லை என்று அவரே பின்னர் எழுதினார்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானவர் தாவீது. தேவனை நன்கு அறிந்திருந்த அந்த அரசர், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனைப் பற்றி நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையைக் கேட்டு, அது உரியாவின் மனைவியை அபகரித்த தம் பாவத்தையே குறிக்கிறது என்று உணராமல், வேறொருவன்மேல் கோபம் மூண்டவராய்த் தீர்ப்பளித்தார். "நீயே அந்த மனுஷன்" என்ற சொல் வந்த பிறகே, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று உடைந்தார். அடுத்தவருக்குப் பொருந்தும் வசனங்களை நாமும் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறோம். எனக்கும் நெடுநாள் அந்தப் பழக்கம் இருந்தது.

இந்த வாரம் மத்தேயு 5:23, 24 மட்டும் வாசியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றே அங்கு இருக்கிறது. அவர்மேல் உங்களுக்கு உள்ள குறையைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. அண்ணனுக்கு உங்கள்மேல் என்ன குறை இருக்கக்கூடும் என்று ஜெபத்தோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியபின் அவரிடம் பேசத் தோன்றினால் தாமதிக்க வேண்டாம்.