கிடாவும் புல்வெளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் ஸ்பெயின் போயிருந்தேன். பிரான்ஸ் எல்லையை ஒட்டி, நவார்ராவில் உள்ள சுகர்ரமுர்தி என்ற பாஸ்க் கிராமத்துக்கும் கூட்டிப்போனார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்களாம். ‘சூனியக்காரிகளின் ஊர்’ என்றார் வழிகாட்டி. கடையில் துடைப்பத்தில் பறக்கும் கிழவி பொம்மை. ஆகஸ்டில் குகைக்குள்ளேயே கறிவிருந்தாம். மனிதர்களை எரித்த கதையை வைத்து இப்படி ஒரு கொண்டாட்டமா? அங்கே உண்மையில் ஏதாவது நடந்ததா?

ரா.

அன்புள்ள ரா.,

நடந்தது. ஆனால் குகையில் இல்லை, தேவாலயத்தில்.

1608 கடைசியில், பிரான்ஸ் பக்கம் இருந்துவிட்டு ஓர் இளம்பெண் ஊர் திரும்பினாள். தானும் சூனியக்காரியாக இருந்ததாகவும், இந்த ஊரைச் சேர்ந்த இன்னார் இன்னாரைச் சூனியக்காரிகளின் கூட்டத்தில் பார்த்ததாகவும் சொன்னாள். ஊர் ரெண்டுபட்டது. அப்புறம், பழி விழுந்தவர்கள் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஊரும் மன்னித்தது. அதோடு போயிருக்க வேண்டியது. யாரோ லோக்ரோன்யோ நகரில் இருந்த மதவிசாரணை மன்றத்தின் (கத்தோலிக்க மதத்துக்கு விரோதமானவர்களை விசாரிக்கும் நீதிமன்றம்) காதில் போட்டுவிட்டார்கள்.

1609 ஜனவரியில் நாலு பெண்களைக் கொண்டுபோனார்கள். பிப்ரவரியில் இன்னும் ஆறு பேர் தாங்களாகவே கிளம்பிப் போனார்கள், குளிர்காலத்தில், மலைப்பாதையில். ‘பயத்தில் ஒப்புக்கொண்டோம், அதெல்லாம் பொய்’ என்று சொல்வதற்காக. அவர்களையும் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அவர்களுக்குத் தெரிந்தது பாஸ்க் மொழி. நீதிபதிகளுக்கு அது தெரியாது; இடையில் மொழிபெயர்ப்பாளர். ‘அகெர்’ என்றால் கிடா, ‘லார்ரே’ என்றால் புல்வெளி. இரண்டும் சேர்ந்த ‘அகெலார்ரே’வுக்கு இன்று சூனியக்காரிகளின் கூட்டம் என்று பொருள். அந்தப் பொருளே இந்த விசாரணைக் காகிதங்களில்தான் பிறந்தது என்கிற ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

1610 நவம்பரில் தீர்ப்பு. ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள். சிறையிலேயே செத்துப்போன ஐந்து பேருக்குப் பதிலாக உருவபொம்மைகளை எரித்தார்கள். உயிரோடு எரிந்த ஆறு பேரும் கடைசிவரை ‘நான் சூனியக்காரி இல்லை’ என்று நின்றவர்கள். ஒப்புக்கொண்டிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார்கள்.

அந்த நீதிபதிகளில் ஒருவர் அலோன்சோ தெ சலசார். தீர்ப்புக்கு அப்புறம் 1611இல் மலையூர்களுக்கு நேரில் போனார். ஆயிரத்து எண்ணூற்றுக்கு மேல் வாக்குமூலங்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். நடுராத்திரிக் கூட்டம் நடந்ததாகச் சொன்ன இடங்களுக்கு ஆள் அனுப்பினார். ‘சூனியத் தைலம்’ என்று கொடுத்ததைச் சோதிக்கச் செய்தார். ஒன்றும் தேறவில்லை. பேசவும் எழுதவும் தொடங்கும்வரை இங்கே சூனியக்காரிகளே இல்லை என்று மன்றத்தின் மேலிடத்துக்கு எழுதினார். 1614இல் மேலிடமும் இறங்கி வந்தது.

குகை என்பது ஓடை அறுத்த சுரங்கம், 120 மீட்டர் நீளம் இருக்கும். ஓடைக்குப் பெயர் ‘நரக ஓடை’. விருந்துக்குப் பெயர் ‘சிகிரோ யாதே’, கிடா தின்பது. விதையடித்த கிடாக் கறியைக் கம்புகளில் கோத்து, நெருப்பைச் சுற்றி நட்டு, நிதானமாகச் சுடுவார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆடு மேய்க்கிற ஊரில் கிடா இல்லாமல் திருவிழாவா? கடைப் பொம்மை விஷயத்தில் மட்டும் உங்கள் கோபம் நியாயம்தான். எரிந்தவர்கள் மறுத்த அதே பொய்யைத்தானே அந்தப் பொம்மை திரும்பச் சொல்கிறது.

அந்த ஊரின் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் 2007இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். இந்த விசாரணையின் கதைதான் உள்ளே. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, வழிகாட்டி அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லையா?