எம் விசாவில் சீனாவுக்குப் பாடம் நடத்தப் போகலாமா?

எம் விசாவில் விமானம் ஏறாதீர்கள். அது வியாபாரப் பயணத்துக்கானது. அதில் வகுப்பெடுத்தால் சட்டவிரோத வேலை. 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை மோசமென்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. ஏஜென்ட் என்ன சொன்னாலும் மாட்டுவது நீங்கள்தான்.

"போனதும் மாற்றித் தருகிறோம்" என்கிறார்களா? பெரும்பாலும் உங்களை அழைக்கும் பள்ளியால் உங்களுக்கு வேலை அனுமதி வாங்க முடியாது என்று அர்த்தம்.

வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். வேலைக்கான இசட் விசாவே அதை வைத்துத்தான் கிடைக்கும். அதிலுள்ள பள்ளியின் சீனப் பெயரையும் ஒப்பந்தத்தின் சிவப்பு முத்திரையிலுள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறு பெயரா? கையெழுத்துப் போடாதீர்கள்.

இசட் விசா வந்தாலும் வேலை முடிந்துவிடாது: இறங்கிய 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டை காவல்துறையின் குடிநுழைவு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள், பயப்பட வேண்டாம். ஏஜென்ட் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.