சோடாபுட்டி சாம்பியன்

கேள்வி: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் முதல் சூப்பர் ஸ்டார் ஜார்ஜ் மைக்கன் என்கிறார்கள். பழைய போட்டோவில் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிய பனைமரம் மாதிரி இருக்கிறார். உயரத்தைத் தவிர அவரிடம் என்ன சார் இருந்தது?
— வாசகர், கரூர்

பதில்: சோடாபுட்டியா? கண்ணாடி போட்ட பையனைக் கூப்பிட்டு ஸ்கோர் எழுத உட்காரவைக்கும் பி.டி. மாஸ்டர் வம்சம் இன்னும் அழியவில்லை என்று தெரிகிறது. பள்ளிக்காலம் முழுக்க நானும் ஸ்கோர் நோட்டும் கையுமாகத்தான் இருந்தேன். என் கையெழுத்து மட்டும் நன்றாக வந்தது. மைக்கன் அந்தக் கண்ணாடியோடே ஆடி, 1949-க்கும் 1954-க்கும் இடையில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

உயரம் 6 அடி 10 அங்குலம்; அது பெற்றோர் உபயம். சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தன் காலே தன்னைத் தட்டிவிடும் ஆள். பயிற்சியாளர் ரே மேயர் விடவில்லை. கயிறு தாண்டு என்றார், குத்துச்சண்டை பழகு என்றார், நடனம்கூட கற்கவைத்தார். அப்புறம் கூடைக்கு நேர் கீழே நின்று வலக்கையால் ஒன்று போடவேண்டும். விழும் பந்தைத் தரை தொடுமுன் பிடித்து இடக்கையால் அடுத்தது. இப்படியே நூற்றுக்கணக்கில். இன்றைக்கும் பிள்ளைகள் செய்யும் அந்தப் பயிற்சிக்கு மைக்கன் பெயர்தான். வெறும் உயரத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை சார்.

இவரை அடக்க முடியாமல் 1951-ல் கூடைக்கு முன்னால் இருக்கும், பந்து வைத்திருக்கும் அணி நெடுநேரம் நிற்கக்கூடாத கட்டத்தையே 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி கண்டுபிடித்த வழி இன்னும் சுலபம்: பந்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது. 19-18 என்று ஜெயித்தும்விட்டார்கள். லேக்கர்ஸின் 18-ல் மைக்கன் மட்டும் 15. மற்ற அத்தனை பேரும் சேர்ந்து 3. இப்படி இழுத்தடித்தால் எவன் டிக்கெட் வாங்குவான்? 1954-ல், பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாகவேண்டும் என்று விதி வந்தது.

நம் புத்தக வெளியீட்டு விழாக்களுக்கு இந்த விதியை நான் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! வாழ்த்துரைக்காரர் மைக்கைப் பிடித்த 24 விநாடிக்குள் புத்தகத்தைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்லவேண்டும்; இல்லையா, மைக் அடுத்தவருக்கு. ஓர் இலக்கிய அமைப்பின் செயலாளரிடம் சொன்னேன். அருமையான யோசனை என்றவர், மேடையேறி அதை முக்கால் மணி நேரம் விளக்கினார்.